ஒரு துளியில் ஆறு மூலக்கூறுகள்

கொரோனாவின் முதல் அலை ஏறிக்கொண்டிருந்த 2020 ஜூன் மாதம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அரை மணி நேரத்தில் விடை சொல்லும் ஆன்டிஜென் பரிசோதனை ஒன்றுக்கு அனுமதி கொடுத்தது. அனுமதியோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது. ‘பாசிட்டிவ்’ என்று வந்தால் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். காய்ச்சல், இருமல் உள்ளவருக்கு ‘நெகட்டிவ்’ என்று வந்தால் ஆர்டி-பிசிஆர் எடுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. காரணம் அந்த அறிவிப்பிலேயே எண்களாக இருந்தது. தொற்று இல்லாதவரை ‘இல்லை’ என்று சொல்வதில் அந்தக் கிட் 99.3 முதல் 100 சதவீதம் வரை சரி. தொற்று உள்ளவரைக் கண்டுபிடிப்பதில் 50.6 முதல் 84 சதவீதம் வரை மட்டுமே சரி. மோசமான நிலையில் இரண்டு நோயாளிகளில் ஒருவரைக் கோட்டைவிட்டுவிடும்.

இந்தக் குறைக்கு அந்தக் கிட்டைத் தயாரித்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆன்டிஜென்னைத் தேடுவதே கடினமான வேலை. பிசிஆர் தேடுவது வைரஸின் மரபுப்பொருளை. அதை ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நான்காக்கி, 30 சுற்றுகளில் நூறு கோடிக்கு மேல் பெருக்கிக்கொள்ளலாம். ஆன்டிஜென் பெரும்பாலும் புரதம். புரதத்தை நகலெடுக்கும் ஏற்பாடு இயற்கையிலேயே இல்லை. துளியில் எத்தனை இருக்கின்றனவோ அவற்றைத்தான் பிடித்தாக வேண்டும். 1971-இல் ஸ்வீடனில் எங்வால், பெர்ல்மான் இருவரும் உருவாக்கிய எலைசா முறை இதற்கு ஒரு வழி கண்டது. பிடிபட்ட ஆன்டிஜென்னோடு ஒரு நொதியை ஒட்டவைத்து, அந்த நொதி உண்டாக்கும் நிறத்தை அளப்பது அந்த வழி. இன்றும் மருத்துவமனை ஆய்வகங்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் அதற்குப் பல முறை கழுவ வேண்டும், சில மணி நேரம் வேண்டும், பயிற்சி பெற்ற கைகள் வேண்டும்.

நொதியும் வேண்டாம், நிறமும் வேண்டாம், ஆன்டிஜென் வந்து ஒட்டிய அந்தக் கணமே மின்சாரத்தில் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் நானோ மின்னணு சென்சார்களின் கனவு. நெதர்லாந்தின் பீட் பெர்க்வெல்ட் 1970-இல் இதற்கு விதை போட்டார். டிரான்சிஸ்டரின் உலோகக் கதவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நேரடியாகத் திரவத்தைத் தொடவிட்டார். திரவத்திலுள்ள அயனிகளே டிரான்சிஸ்டரைத் திறந்து மூடின. 2001-இல் ஹார்வர்டில் சார்லஸ் லீபர் குழு அதையே ஒரு சிலிக்கன் நானோகம்பியில் செய்து காட்டியது. கம்பியின் மேல் ஆன்டிபாடிகளை நட்டுவைக்க வேண்டும். அவை தமக்குரிய ஆன்டிஜென்னைப் பிடிக்கும்போது, அதன் மின்னூட்டம் கம்பிக்குள் ஓடும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கூட்டும் அல்லது குறைக்கும். கம்பி மிக மெல்லியது என்பதால் மேற்பரப்பில் நடக்கும் சிறு மாற்றம்கூட அதன் உடல் முழுவதையும் பாதிக்கும். 2004-இல் அதே குழு ஒற்றை வைரஸ் வந்து ஒட்டுவதையும் விலகுவதையும் பதிவு செய்தது. உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தத் திசையில் ஓடத் தொடங்கின.

பெங்களூரும் ஓடியது. ஆட்டோக்காரர்கள் இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில் 2010-இல் நானோ அறிவியல், பொறியியலுக்கென்று தனி மையம் வந்தது. தூசு புகாத அறைகளில் நானோ கருவிகளைச் செய்யும் தேசியக் கூடம் அங்கே இருக்கிறது. மத்திய அரசின் நானோமின்னணுப் பயனர் திட்டத்தின் வழியாக நாட்டின் வேறு கல்லூரிகளின் மாணவர்களும் ஆராய்ச்சியாளர்களும் விண்ணப்பித்து அங்கே போய் வேலை செய்ய முடிந்தது. மும்பை ஐஐடியிலும் இதே ஏற்பாடு. நம் ஊர் ஆய்வு மாணவர் ஒருவர் தன் கையால் ஒரு நானோ சென்சாரைச் செய்து பார்க்க வழி திறந்தது இப்படித்தான்.

இந்தத் துறையின் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் பெருமை ஒன்று உண்டு: எவ்வளவு குறைந்த செறிவைக் கண்டுபிடித்தோம் என்பது. பிக்கோமோலார், ஃபெம்டோமோலார், அட்டோமோலார் என்று ஒவ்வொரு படியிலும் ஆயிரம் மடங்கு இறங்கிக்கொண்டே போவார்கள். அட்டோமோலார் என்று படித்தால் ஒரு பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு அட்டோமோலார் கரைசலின் ஒரு லிட்டரில் சுமார் 6 லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளியை 10 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அது லிட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. ஆக, துளியில் இருப்பவை 6.

அதுவும் சராசரி 6. ஒரே நோயாளியிடம் நூறு துளிகள் எடுத்தால் ஏறக்குறைய 15 துளிகளில் மூன்றோ அதற்குக் குறைவோ இருக்கும். இன்னொரு 15 துளிகளில் ஒன்பதோ அதற்கு மேலோ இருக்கும். சென்சாரில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் விடை மாறிக்கொண்டேதான் வரும். எவ்வளவு பணம் கொட்டினாலும் இந்த ஆட்டத்தை நிறுத்த முடியாது. எண்ணிக்கை குறைந்தால் தற்செயல் பெருகும் என்பது கணிதம். இந்த ஆறும் சென்சாரிடம் வந்து சேர வேண்டும் என்பது அடுத்த சிக்கல். அசையாத திரவத்தில் ஒரு புரதம் தானாக அலைந்து ஒரு மில்லிமீட்டர் தூரம் கடக்கவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். நானோகம்பியோ ஊசி முனையைவிடப் பல மடங்கு சின்ன இலக்கு. 2005-இல் ஷீஹன், விட்மன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதைக் கணக்கிட்டு, திரவத்தைச் செலுத்தி மூலக்கூறுகளைச் சென்சாரிடம் கொண்டுசேர்க்காவிட்டால் ஃபெம்டோமோலார் அளவில் மணிக்கணக்காக, ஏன் நாள்கணக்காகக் காத்திருக்க நேரும் என்று காட்டினார்கள். சென்சாரைச் சிறிதாக்கினால் உணர்திறன் கூடும், ஆனால் வந்து சேரும் விருந்தாளிகள் குறைவார்கள். இதை மனதில் வாங்காமல் எழுதப்பட்ட கட்டுரைகள் இன்றும் வருகின்றன என்பது எனக்கு வருத்தம்.

அடுத்த எதிரி உப்பு. நம் இரத்தத்தில் கரைந்திருக்கும் சோடியம், குளோரைடு அயனிகள் எந்த மின்னூட்டத்தைக் கண்டாலும் ஓடிவந்து சூழ்ந்து அதை மறைத்துவிடும். மின்னூட்டத்தின் தாக்கம் எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு டிபை நீளம் என்று பெயர். பீட்டர் டிபையும் எரிக் ஹூக்கலும் 1923-இல் வகுத்த கோட்பாடு அது. இரத்தத்தின் உப்பு அளவில் இந்த நீளம் 0.8 நானோமீட்டருக்கும் குறைவு. ஆன்டிபாடியின் உயரமோ சுமார் 10 நானோமீட்டர். அதன் உச்சியில் பிடிபட்டு நிற்கும் ஆன்டிஜென்னின் மின்னூட்டம் கம்பி வரை வந்து சேர்வதே இல்லை. கருவி செவிடாகிவிடுகிறது.

உப்பை நூறு மடங்கு நீர்த்தால் டிபை நீளம் பத்து மடங்கு கூடி 8 நானோமீட்டர் அளவுக்கு வரும். ஆய்வகத்தில் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் நோயாளியின் இரத்தத்தை நூறு மடங்கு நீர்த்தால் ஆன்டிஜென்னும் நூறில் ஒரு பங்காகிவிடும். உப்பில்லாத சூழலில் ஆன்டிபாடியின் பிடியும் மாறும். இந்த முடிச்சை அவிழ்க்கப் பல வழிகள் வந்தன. முழு ஆன்டிபாடிக்குப் பதிலாக அதன் பிடிக்கும் துண்டை மட்டும் வெட்டி நடுவது ஒன்று. டிஎன்ஏவால் ஆன குட்டையான ஆப்டமர் இழைகளை நட்டு, அவை இலக்கைப் பிடித்ததும் சுருண்டு தம் சொந்த மின்னூட்டத்தைக் கம்பிக்கு அருகே கொண்டுவரும்படி செய்வது இன்னொன்று. எனக்கு மிகவும் பிடித்தது யேல் பல்கலைக்கழகக் குழு 2010-இல் செய்தது. இரத்தத்திலிருந்து ஆன்டிஜென்னை ஒரு தனிச் சிப்பில் பிடித்து, இரத்தத்தைக் கழுவிவிட்டு, பிடித்ததைச் சுத்தமான உப்புக் குறைந்த கரைசலில் விடுவித்து, அதன் பிறகே நானோ சென்சாருக்கு அனுப்பினார்கள். 10 மைக்ரோலிட்டர் இரத்தத்தில், 20 நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. பிடிப்பதும் அளப்பதும் வேறு வேறு இடத்தில் நடக்கட்டும் என்ற அந்த எளிய முடிவில் நல்ல பொறியாளரின் புத்தி தெரிகிறது.

கழுவுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் டிரோபோனின் புரதத்தை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 14 நானோகிராம் என்ற எல்லையைத் தாண்டினாலே மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குவார்கள். அதே லிட்டரில் ஆல்புமின் என்ற சாதாரணப் புரதம் 40 கிராம் அளவில் இருக்கிறது. எடையில் சுமார் 300 கோடி மடங்கு. ஆல்புமின் எதன் மேலும் போய் ஒட்டிக்கொள்ளும். கோடியில் ஒன்று தவறான இடத்தில் ஒட்டினாலும் அந்தச் சத்தம் உண்மையான செய்தியை மூழ்கடித்துவிடும். உப்புக் கரைசலில் அழகாக வேலை செய்த சென்சார் இரத்தத்தில் தடுமாறுவது இதனால்தான். 2020-இல் தென்கொரியக் குழு ஒன்று கிராஃபீன் டிரான்சிஸ்டரில் கொரோனாவின் முள்புரதத்தைக் கண்டுபிடித்தபோது, சுத்தமான கரைசலில் மில்லிலிட்டருக்கு 1 ஃபெம்டோகிராம் வரை தெரிந்தது. மருத்துவமனை மாதிரிகளை எடுத்துச்செல்லும் திரவத்தில் 100 ஃபெம்டோகிராம் வேண்டியிருந்தது. இரண்டு எண்களையும் ஒளிக்காமல் வெளியிட்டார்கள், அது பாராட்ட வேண்டிய விஷயம். மேற்பரப்பைக் காப்பதிலும் முன்னேற்றம் இருக்கிறது. 2019-இல் ஹார்வர்டின் வீஸ் கழகத்தில், மாட்டு ஆல்புமினையும் மின்கடத்தும் நானோ பொருள்களையும் பின்னிய ஒரு பூச்சு உருவானது. மனித பிளாஸ்மாவில் ஒரு மாதம் ஊறிய பிறகும் 88 சதவீதச் சிக்னல் மிஞ்சியது.

இத்தனையும் சரிசெய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம்: ஒரே மாதிரி செய்த இரண்டு சிப்புகள் ஒரே விடை சொல்லுமா? 20 நானோமீட்டர் அகலம், 20 நானோமீட்டர் உயரம், 1 மைக்ரோமீட்டர் நீளம் உள்ள ஒரு சிலிக்கன் கம்பி. அதன் கடத்துதிறனை நிர்ணயிப்பவை அதில் கலந்திருக்கும் அந்நிய அணுக்கள். வழக்கமான ஒரு கலப்பு அளவில், அதாவது கன சென்டிமீட்டருக்கு 10-இன் அடுக்கு 17 என்ற கணக்கில், இந்தக் கம்பிக்குள் இருப்பவை சுமார் 40 அணுக்கள். இதுவும் தற்செயலுக்கு உட்பட்டது. பக்கத்துக் கம்பியில் 34 இருக்கலாம், அடுத்ததில் 46. பெரிய டிரான்சிஸ்டரில் இந்த வேறுபாடு சராசரியில் கரைந்துபோகும், நானோகம்பியில் கரையாது. ஆன்டிபாடிகளை நடும்போது சில நேராக நிற்கும், சில தலைகீழாக விழுந்து பிடிக்கும் பக்கத்தை மறைத்துக்கொள்ளும். அதுவும் சிப்புக்குச் சிப்பு மாறும்.

காலம் போகப் போகச் சென்சார் தானாக நகர்வதும் உண்டு. திரவத்தில் ஊறும் ஆக்சைடு படலத்துக்குள் அயனிகள் மெல்லப் புகுந்து அடிப்படை அளவையே மாற்றும். இப்போது பலர் சிலிக்கன் ஆக்சைடுக்குப் பதிலாக அலுமினியம், ஹாஃப்னியம், டான்டலம் ஆக்சைடுகளைப் பூசுவது இதைக் குறைக்கத்தான். அமில காரத் தன்மை 0.1 அளவு மாறினாலே மேற்பரப்பில் 6 மில்லிவோல்ட் வரை மாறிவிடும். ஆன்டிஜென் ஒட்டுவதால் வரும் மாற்றமும் பல நேரம் அதே சில மில்லிவோல்ட்தான். எது நோய், எது அமிலம் என்று அந்தக் கம்பிக்குத் தெரியாது.

எண்ணெய்க் கடையில் முதலில் வெறும் தூக்குவாளியை எடை போட்டு, பிறகு எண்ணெயோடு எடை போட்டுக் கழித்துக்கொள்வார்கள். அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும். அளக்கும் கம்பிக்குப் பக்கத்திலேயே, ஆன்டிஜென்னைப் பிடிக்காத ஒரு துணைக் கம்பி. வெப்பமும் அமிலமும் நகர்வும் இரண்டையும் சமமாகத் தாக்கும். கழித்தால் மிஞ்சுவது ஆன்டிஜென். ஆனால் துணைக் கம்பியை வெறுமையாக விட்டால் ஏமாந்துபோவோம். வெறும் பரப்பில் ஒட்டும் ஆல்புமின் வேறு, ஆன்டிபாடி நட்ட பரப்பில் ஒட்டும் ஆல்புமின் வேறு. இரத்தத்தில் இல்லாத எதையோ பிடிக்கும், அதே வகையைச் சேர்ந்த ஆன்டிபாடியைத் துணைக் கம்பியில் நட வேண்டும். ஒரு கட்டுரையைப் படிக்கும்போது முதலில் இந்தத் துணைக் கம்பியில் என்ன இருந்தது என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

ஒரே சிப்பில் பல கம்பிகளை வைத்துப் பெரும்பான்மை முடிவை எடுக்கலாம். ஒவ்வொரு கம்பியும் 10 சதவீதம் தவறும் என்றால், மூன்றில் இரண்டு சொல்வதை ஏற்கும்போது தவறு 2.8 சதவீதமாகக் குறையும். இந்தக் கணக்கு செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கம்பிகள் தனித்தனியாகத் தவற வேண்டும். சூடு ஏறி மூன்றும் சேர்ந்தே தவறினால் வாக்கெடுப்பால் பயனில்லை. லீபர் குழு 2005-இல் இதற்கு அருமையான வழி சொன்னது. பி-வகை, என்-வகை என்று இரு எதிரெதிர் வகைக் கம்பிகளை ஒரே சிப்பில் வைத்தார்கள். உண்மையான ஆன்டிஜென் ஒட்டினால் ஒன்றில் மின்னோட்டம் கூடும், மற்றதில் குறையும். இரண்டும் ஒரே பக்கம் அசைந்தால் அது பொய்ச் சிக்னல் என்று தள்ளிவிடலாம்.

இப்போது பெங்களூரின் இன்னொரு பாதைக்கு வருகிறேன். இந்திய அறிவியல் கழகத்தின் நவகாந்த பட், டிரான்சிஸ்டர் துறையில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம், பிறகு மோட்டரோலா, 1999-இல் பெங்களூர். உயிரி சென்சார்களிலும் வாயு சென்சார்களிலும் செய்த பணிக்காக 2018-இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார். அந்தக் கழகத்திலேயே அடைகாக்கப்பட்ட பாத்ஷோத் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர்களுடைய ‘அனுபாத்’ கையில் அடங்கும் கருவி. ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பட்டையில் ஒரு துளி இரத்தமோ சிறுநீரோ வைத்தால் ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரில் கசியும் ஆல்புமின் போன்றவற்றை அளக்கும். 2021-இல் அதே மேடையில் கொரோனா ஆன்டிபாடிகளை ஓரளவு எண்ணிக்கையோடு சொல்லும் மின்வேதி எலைசா சோதனையைக் கொண்டுவந்தார்கள். ஃபரிதாபாதிலுள்ள அரசு ஆய்வு நிறுவனம் சரிபார்த்த பிறகு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் கிடைத்தது. அது தேடியது ஆன்டிஜென்னை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை. ஆனாலும் நம் விஷயத்துக்கு அதில் பெரிய பாடம் இருக்கிறது.

இந்தக் கருவி மின்னூட்டம் எட்டிப்பார்ப்பதை நம்பியிருக்கவில்லை. மின்முனையில் நடக்கும் வேதிவினையில் எலெக்ட்ரான்கள் கைமாறும் மின்னோட்டத்தை அளக்கிறது. அதனால் உப்பின் திரை அதை அந்த அளவுக்கு வதைப்பதில்லை. பட்டையை ஒரே முறை, சில நிமிடங்களுக்கு மட்டும் பயன்படுத்துவதால் மணிக்கணக்கில் நகரும் சிக்கலும் குறைவு. எட்டவேண்டிய அளவையும் நிதானமாகத் தேர்ந்தெடுத்தார்கள்: நானோமோலார், அதற்குச் சற்றுக் கீழே. ஒரு நானோமோலார் கரைசலின் 10 மைக்ரோலிட்டர் துளியில் இருப்பவை 600 கோடி மூலக்கூறுகள். ஆறு எங்கே, 600 கோடி எங்கே! எண்ணிக்கை இவ்வளவு இருக்கும்போது தற்செயலின் ஆட்டம் கண்ணுக்கே தெரியாது. தேவைப்படாத உணர்திறனை விட்டுக்கொடுத்து, நாளைக்கும் அதே விடை வரும் என்ற உறுதியை வாங்கிக்கொண்டார்கள். என் பார்வையில் இந்தத் துறையில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட மிகத் தெளிவான முடிவு இது.

எல்லா நோய்க்கும் இந்த வழி போதாது. தொடக்க நிலைப் புற்றுநோயின் சில குறிகள் பிக்கோமோலாருக்கும் கீழேதான் கிடைக்கும். அங்கே நானோகம்பி தேவை. டெங்குவின் என்எஸ்1 ஆன்டிஜென்னோ காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இரத்தத்தில் தாராளமாக வரும். 2024 செப்டம்பரில் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்த கர்நாடகத்துக்கும், ஆண்டுதோறும் மழைக்குப் பின் அதோடு போராடும் தமிழ்நாட்டுக்கும் வேண்டியது ஆரம்பச் சுகாதார நிலையத்தின் மேசையில் தவறாமல் வேலை செய்யும் கருவி.

தவறாமல் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இரு பக்கமும் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு சென்சார். மழைக்காலத்தில் 1,000 காய்ச்சல்காரர்களில் 300 பேருக்கு டெங்கு என்றால், அது சரியாகப் பிடிப்பது 285 பேரை; வீணாகப் பயமுறுத்துவது 35 பேரை. கோடையில் 1,000 பேரில் 10 பேருக்குத்தான் டெங்கு என்றால், ஒன்பது பத்துப் பேரைச் சரியாகப் பிடிக்கும், சுமார் 50 பேரை வீணாகப் பயமுறுத்தும். கருவி மாறவில்லை, ஊரின் நிலை மாறியிருக்கிறது. அதே கோடையில் ஆன்டிபாடிகளுக்கும் சோதனை. அவற்றைப் பொதுவாக 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கச் சொல்வார்கள். பெங்களூரின் மே மாதம் வேறு. 40 டிகிரியைத் தாண்டும் வேலூரின் மே மாதம், கலபுரகியின் மே மாதம் வேறு.

சர்க்கரை நோயாளிகள் வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரும் ஒரு மின்வேதி உயிரி சென்சார்தான். அதற்கு ஐஎஸ்ஓ 15197 என்ற உலகத் தர விதி இருக்கிறது. 2013-இல் வந்த வடிவத்தின்படி, சர்க்கரை 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 95 சதவீத அளவீடுகள் 15 மில்லிகிராம் வித்தியாசத்துக்குள் வர வேண்டும். 100-க்கு மேல் போனால் 15 சதவீதத்துக்குள். அதில் தேறினால்தான் கருவி மதிக்கப்படும். ஆன்டிஜென் நானோ சென்சார்களைச் செய்யும் ஒவ்வொரு ஆய்வகத்தையும் நாம் இப்படித்தான் கேட்க வேண்டும். எத்தனை சிப்புகள் செய்தீர்கள், அவற்றில் எத்தனை வேலை செய்தன, உண்மையான நோயாளிகளின் இரத்தத்தில் யாருடையது என்று தெரியாமல் சோதித்தீர்களா, ஆறு மாதம் அலமாரியில் இருந்த சிப் என்ன சொன்னது? இந்த நான்கு விடைகளையும் கண்டறியும் எல்லையோடு சேர்த்து அச்சிடாத கட்டுரைக்கு நம் பல்கலைக்கழகங்கள் மதிப்பெண் தரக் கூடாது, நிதி தரும் அமைப்புகள் அடுத்த தவணையைத் தரக் கூடாது.